ஹோம் லோன் இஎம்ஐ கட்ட முடியலையா? பேங்க்ல சலுகை கேக்குற முறை, கூடவே ஒழுங்கா கட்டுறவனோட வயித்தெரிச்சலும்

வேலை போச்சு, இல்ல கடை படுத்துருச்சு, இல்ல வீட்ல ஒரு ஆபரேஷன்ல கையிருப்பு மொத்தமும் கரைஞ்சிருச்சு, அடுத்த மாசம் அஞ்சாம் தேதி இஎம்ஐ எங்கிருந்து போகும்னே தெரியல. இந்த நேரம் பாத்து ஒரு மச்சான் வந்து யோசனை சொல்வாரு: "மூணு மாசம் கட்டாம விடு மாப்ள, பேங்க்காரனே இறங்கி வந்து, குறைச்சு வாங்கிட்டு முடிச்சுக்கலாம்னு செட்டில்மென்ட் பேசுவான்". தயவுசெஞ்சு அதக் கேக்காதீங்க. கார் லோன், கிரெடிட் கார்டுல வேணா அது சில பேருக்கு நடந்திருக்கலாம், ஹோம் லோன்ல பேங்க் கையில உங்க பத்திரமே இருக்கு, அவன் எதுக்கு இறங்கி வரணும்?

சலுகை கேட்டு போற ஒவ்வொருத்தரப் பாத்தும் மேனேஜர் மனசுல ஓடுற கேள்வி ஒண்ணுதான். இவருக்கு உண்மையிலேயே முடியலையா, இல்ல முடிஞ்சும் கட்ட மனசு இல்லையா? நீங்க எழுதுற லெட்டர், குடுக்குற பேப்பர், போற தேதி எல்லாமே இந்தக் கேள்விக்கு பதிலா இருக்கணும், மீதியெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

அந்த சந்தேகம் ஏன் வருதுன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க, கோவப்படாம. நம்ம ஊர்ல கூட்டுறவு பயிர்க்கடன் தள்ளுபடி 2006ல வந்துச்சு, 2016ல வந்துச்சு, 2021 பிப்ரவரியில 12,110 கோடிக்கு வந்துச்சு. மூணும் தேர்தல் வருஷம், இது தற்செயல்னு யாரும் சொல்லமாட்டாங்க. 2021லயே அஞ்சு பவுன் வரைக்கும் கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடின்னு சொன்னாங்க, அப்புறம் உள்ள போய் பாத்தா ஒரே ஆள் பேர்ல பல கடன், போலி நகைக்கு கடன்னு ஏகப்பட்டது வெளிய வந்து, பெரும்பாலான கணக்கு தகுதி இல்லன்னு கழிஞ்சுது. 2021 மார்ச் 31ல பாக்கி இருந்த கடனுக்குத்தான் தள்ளுபடி, சோ ஜனவரியில கஷ்டப்பட்டு சீட்டுப்பணம் எடுத்து நகையத் திருப்பின அக்கா என்ன நெனைப்பாங்க? "ஒழுங்கா கட்டுனதுக்கு நான்தான் கேணை" அப்படின்னுதான். அடுத்த தேர்தல் வரும்போது அவங்களும் கொஞ்சம் பொறுத்துப் பாப்பாங்க. கட்டாதவனுக்கு உதவுனா கட்டுறவனும் நிறுத்திருவான்ங்கற இந்த பயத்தத்தான் பொருளாதாரக்காரங்க மாரல் ஹசார்ட்னு சொல்றாங்க.

2008 மத்திய பட்ஜெட்ல ப.சிதம்பரம் அறிவிச்ச விவசாயக் கடன் தள்ளுபடியும் இதே கதைதான், அதுலயும் நாள் கணக்கு கறாரா இருந்துச்சு, 2007 டிசம்பர் 31ல தவணை தவறியிருந்த கடன் மட்டும்தான், அதனால அறிவிப்பு கேட்டுட்டு யாரும் புதுசா நிறுத்தி உள்ள வரமுடியாது. ஆனா தவறாம கட்டுனவனுக்கு அதுல ஒண்ணும் இல்ல. கட் ஆஃப் தேதி வச்சா இந்த தடவை ஏமாத்துறத தடுக்கலாம், அடுத்த தடவைக்கு ஜனங்க என்ன கத்துக்கிறாங்கங்கறத எந்தத் தேதி வச்சும் தடுக்க முடியாது.

இன்னொன்னு, ஸ்டேட் பேங்க்லயோ தனியார் பேங்க்லயோ வாங்குன வீட்டுக் கடனுக்கு அந்த மாதிரி ஒட்டுமொத்த தள்ளுபடி நம்ம ஊர்ல வந்ததே இல்ல. அதுக்காக காத்துட்டு இருக்காதீங்க.

இது நம்ம ஊர் குணம்னு மட்டும் நெனைக்காதீங்க, அமெரிக்காவுல 2009 பிப்ரவரியில வீட்டுக்கடன்ல மூழ்குறவங்களுக்கு 75 பில்லியன் டாலர்னு ஒபாமா அறிவிச்ச மறுநாளே ஒரு டிவிக்காரர் சிகாகோ டிரேடிங் ஃப்ளோர்ல நின்னு, பக்கத்து வீட்டுக்காரன் கடனை நீங்க கட்டத் தயாரான்னு கத்துனாரு, அந்த கோவம் ஒரு அரசியல் இயக்கமாவே வளந்துச்சு. அந்தத் திட்டத்துலயும் ஜல்லடை இருந்துச்சு: குடியிருக்கிற வீடா இருக்கணும், 2009 ஜனவரி 1க்கு முன்னாடி வாங்குன கடனா இருக்கணும், கஷ்டம்னு கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுக்கணும், முதல்ல மூணு மாசம் குறைச்ச தவணைய ஒழுங்கா கட்டிக் காட்டணும். அந்த மூணு மாச ட்ரையல் எனக்குப் பிடிச்ச விஷயம், ஏன்னா முடியாதவனையும் மனசில்லாதவனையும் அது ஓரளவு தானாவே பிரிச்சிரும். இத ஞாபகம் வச்சுக்கோங்க, லெட்டர்ல யூஸ் ஆகும்.

2020ல என்ன நடந்துச்சு, அதுல நமக்கு என்ன இருக்கு

கொரோனா டைம்ல ரிசர்வ் பேங்க் மார்ச்ல இருந்து ஆகஸ்ட் 31 வரைக்கும் ஆறு மாசம் மாரடோரியம், அதாவது தவணைய தள்ளிப் போடுற சலுகை, குடுத்தாங்க. நெறைய பேர் அத ஃப்ரீன்னு நெனச்சு எடுத்துட்டாங்க, சம்பளம் வந்துட்டு இருந்தவங்க கூட. கணக்கு போட்டுப் பாப்போம். 30 லட்சம் கடன், 20 வருஷம், 8.5 சதவீதம், இஎம்ஐ சுமார் 26,035. அஞ்சு வருஷம் கட்டியாச்சு, பாக்கி அசல் கிட்டத்தட்ட 26.44 லட்சம், இன்னும் 180 தவணை. இப்ப ஆறு மாசம் கட்டல, வட்டி ஓடிட்டே இருக்கும், பாக்கி 27.58 லட்சம் ஆயிரும். அப்புறம் அதே இஎம்ஐ கட்டுனா 180 இல்ல, 197 தவணை. ஆறு தவணைய தள்ளிப் போட்டதுக்கு பதினேழு தவணை கூடுதல், கிட்டத்தட்ட 4.3 லட்சம் ரூபாய். இதுதான் மாரல் ஹசார்டுக்கு இயல்பான மருந்து, சலுகை எடுத்தா விலை இருக்கு. வசதி இருந்தும் எடுத்தவங்க அவங்க காசையே கரைச்சாங்க, நிஜமாவே முடியாதவங்களுக்கு அந்த விலை குடுத்தாலும் அது தேவைதான்.

அப்புறம் வட்டிக்கு வட்டி விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு, ஆக்ராவுல மூக்குக் கண்ணாடி கடை வச்சிருந்த ஒருத்தர் போட்ட கேஸ்தான் ஆரம்பம். மத்திய அரசு 2 கோடி வரைக்கும் உள்ள கடனுக்கு அந்த ஆறு மாசத்துல கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசத்த தானே குடுத்துருச்சு. நம்ம உதாரணத்துல அது எவ்ளோ தெரியுமா, சுமார் 2,000 ரூபாய். ஆனா அதுல ஒரு நல்ல புத்தி இருந்துச்சு, மாரடோரியம் எடுக்காம ஒழுங்கா கட்டுனவங்களுக்கும் அதே தொகை கணக்குல விழுந்துச்சு. கட்டுனவன கேணையாக்காத ஒரு சலுகை நான் பாத்தது அனேகமா இது ஒண்ணுதான், தொகை டீச்செலவுக்குத்தான் காணும்னாலும். 2021 மார்ச் 23 தீர்ப்புல கோர்ட்டும் முழு வட்டிய தள்ளுபடி பண்ண முடியாது, டெபாசிட் போட்டவங்களுக்கு பேங்க் வட்டி குடுத்தாகணும்ங்கற ரீதியில சொல்லி, வட்டிக்கு வட்டி மட்டும் எந்தக் கடனுக்கும் கூடாதுன்னு முடிச்சாங்க.

மாரடோரியம் முடிஞ்சப்புறம் கடன் சீரமைப்புக்கு, அதாவது தவணையையும் காலத்தையும் மாத்தி எழுதிக்கிறதுக்கு, ரெண்டு வாசல் திறந்தாங்க. முதலாவதுல 2020 மார்ச் 1ல 30 நாளுக்கு மேல தவணை தவறியிருக்கக் கூடாது, ரெண்டாவதுல 2021 மார்ச் 31ல கணக்கு வாராக்கடனா இருக்கக் கூடாது. ரெண்டுலயும் காலத்த கூட்டுறது ரெண்டு வருஷத்துக்கு மேல கிடையாது. ரெண்டு வாசலும் மூடி வருஷக்கணக்கா ஆச்சு, ஆனா ரெண்டுலயும் உள்ள விட்டது யாரன்னு பாருங்க, கஷ்டம் வர்ற வரைக்கும் ஒழுங்கா கட்டிட்டு இருந்தவங்கள. மச்சான் சொன்ன மாதிரி முன்னாடியே நிறுத்தினவன் வெளியதான் நின்னான்.

எப்ப போகணும், என்ன எடுத்துட்டுப் போகணும்

முதல் தவணை பவுன்ஸ் ஆகுறதுக்கு முன்னாடி போகணும். சம்பளம் நின்ன வாரமே போனா இன்னும் நல்லது. தவணை தவறுன நாளிலிருந்து பேங்க் சிஸ்டம் உங்கள முப்பது முப்பது நாளா கீழ இறக்கும், 90 நாள் தாண்டுனா வாராக்கடன், அதாவது என்பிஏ. அதுக்கப்புறம் உங்க ஃபைல் பிராஞ்ச் மேனேஜர் கையில இருக்காது, ரெக்கவரி பிரிவுக்குப் போயிரும், அங்க பேசுற பாஷையே வேற.

சிபில்ல, அதாவது நீங்க கடன் கட்டுன வரலாற்றுப் பதிவுல, ஒரு தவறு விழறதுக்கு முன்னாடி வந்து நிக்கிற ஆளும், ரெண்டு தவணை ஓடிட்டு ஃபோன் எடுக்காம இருந்துட்டு வர்ற ஆளும் ஒரே கதையச் சொன்னாலும் முதல் ஆள் சொல்றதத்தான் நம்புவாங்க. நியாயமோ இல்லையோ, அப்படித்தான்.

எடுத்துட்டுப் போகவேண்டியது: வேலைய விட்டு அனுப்புன லெட்டர் இல்ல மெயில், கடைசி ஆறு மாச சம்பள ஸ்லிப், எல்லா பேங்க் கணக்கோட ஒரு வருஷ ஸ்டேட்மென்ட், வியாபாரம்னா ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஆஸ்பத்திரின்னா டிஸ்சார்ஜ் சம்மரியும் பில்லும். எல்லா கணக்கும்னு சொன்னேன் பாத்தீங்களா, அதுல தான் பல பேர் மாட்டுறாங்க. சம்பளக் கணக்குல பணம் இல்லாத மாதிரி வச்சுட்டு மனைவி பேருக்கு மாத்தி வச்சிருப்பாங்க, அந்த ஐம்பதாயிரம் டிரான்ஸ்ஃபர் ஸ்டேட்மென்ட்லயே நிக்கும், பாக்குறவருக்கு அது ஒண்ணு போதும், மீதி பேப்பர பெரட்டக் கூட மாட்டாரு. குடும்பச் செலவுக்காக மாத்துனதுன்னா அதையும் நீங்களே பக்கத்துல பேனாவுல எழுதிருங்க, கேக்குறதுக்கு முன்னாடி. அதே மாதிரி ரெண்டாவது வீடு வாடகைக்கு விட்டிருந்தா மறைக்காதீங்க. சலுகை கேக்குறதுக்கு முந்தின மாசம் புது பைக் லோன் எடுத்திருந்தா, சாரி, உங்களுக்காக பேச என்கிட்ட வார்த்தை இல்ல.

எதக் கேக்கணும்

"ஏதாவது பாத்து பண்ணுங்க சார்"னு கேக்காதீங்க. நம்பரோட கேளுங்க. பொதுவா எல்லாரும் காலத்த கூட்டச் சொல்லிக் கேப்பாங்க, ஆனா அதுல எவ்ளோ குறையும்னு போட்டுப் பாத்தீங்கன்னா சப்புனு ஆயிரும். மேல சொன்ன அதே 26.44 லட்சத்துக்கு ரெண்டு வருஷம் கூட்டுனா இஎம்ஐ 26,035ல இருந்து 24,540 பக்கம் வரும். குறையுறது 1,500 ரூபாய். வேலை போனவனுக்கு இது எந்த மூலைக்கு?

அதுக்கு பதிலா ஒரு வருஷம் வட்டி மட்டும் கட்டுறேன்னு கேளுங்க. மாசம் சுமார் 18,730 போதும், 7,300 ரூபா மூச்சு விட இடம். அசல் ஏறாது. வருஷம் முடிஞ்சு பழைய முடிவுத் தேதியிலயே முடிக்கணும்னா இஎம்ஐ சுமார் 26,965 ஆகும், அதாவது முன்ன விட மாசம் 930 கூடுதல், பதினாலு வருஷத்துக்கு. மொத்தத்துல இப்ப மிச்சம் புடிக்கிறத விட பின்னாடி கட்டுறது அதிகம்தான், ஆனா வட்டி ஓடி அசலா ஏறுற மாரடோரியத்த விட இது எவ்வளவோ தேவலை, முக்கியமா நீங்க மாசாமாசம் ஏதோ ஒண்ணு கட்டிட்டே இருக்கீங்க, அந்த அமெரிக்க மூணு மாச ட்ரையல் மாதிரி.

ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டு கையெழுத்து போடுங்க. கொரோனா கால ஸ்பெஷல் வாசல் இல்லாம சாதாரண நாள்ல கஷ்டத்துக்காக கடனை சீரமைச்சா அந்தக் கணக்கு தரம் இறங்கலாம், சிபில்ல சீரமைக்கப்பட்டதுன்னு பதிவாகும், கொஞ்ச வருஷத்துக்கு வேற லோன் கஷ்டம். அதனால ரெண்டு மூணு மாசச் சிக்கல்னா முதல்ல வேற வழியப் பாருங்க: நகைய வச்சு சமாளிக்க முடியுமா, பிஎஃப்ல வீட்டுக் கடனுக்கு எடுக்க முடியுமா, முன்னாடி வட்டி ஏறினப்ப இஎம்ஐய ஏத்தியிருந்தா அத இறக்கிக் காலத்த நீட்ட முடியுமா. 2023 ஆகஸ்ட் ரிசர்வ் பேங்க் உத்தரவுப்படி ஃப்ளோட்டிங் வட்டி (அப்பப்ப ஏறி இறங்குற வட்டி) மாறும்போது இஎம்ஐய கூட்டுறதா காலத்த கூட்டுறதான்னு உங்களுக்கு சாய்ஸ் குடுக்கணும், நெறைய பேருக்கு இது தெரியாது, பேங்கும் தானா சொல்றதில்ல. லோன் ஆப்ல கடன் வாங்கி இஎம்ஐ கட்டுறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

லெட்டர் இப்படி இருந்தா போதும், ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம்:

"மேலாளர் அவர்களுக்கு, என் வீட்டுக் கடன் கணக்கு எண் இது. கடந்த 60 மாதமும் தவணை தவறியதில்லை. சென்ற மாதம் 14ஆம் தேதியுடன் வேலை முடிந்தது, கடிதம் இணைத்துள்ளேன். கையில் உள்ள சேமிப்பு 1,10,000, மனைவியின் வருமானம் மாதம் 31,000, அவசியச் செலவு 12,000. எனவே மாதம் 19,000 என்னால் கட்ட முடியும், 26,035 முடியாது. 12 மாதம் வட்டி மட்டும் கட்ட அனுமதி கேட்கிறேன். முதல் மூன்று மாதம் சோதனையாக வைத்து, தவறினால் சலுகையை ரத்து செய்யலாம். வேலை கிடைத்ததும் எழுத்தில் தெரிவித்து பழைய தவணைக்குத் திரும்புவேன். இது நான் குடியிருக்கும் ஒரே வீடு. வேறு சொத்து விவரம் தனித்தாளில்."

இதுல கண்ணீர் ஒரு சொட்டு இல்ல, கவனிச்சீங்களா. பேங்க்காரரு மேல ஆபீசுக்கு நோட் போடும்போது உங்க லெட்டர்ல இருந்து நாலு வரிய அப்படியே எடுத்து எழுதணும், அதுக்கு நம்பர்தான் வேணும். நேர்ல குடுத்து காப்பியில சீல் வாங்கிக்கோங்க, மெயில்லயும் அனுப்புங்க. பதில் வர்ற வரைக்கும் முடிஞ்சத, பத்தாயிரமோ பதினஞ்சாயிரமோ, லோன் கணக்குல கட்டிட்டே இருங்க. கொஞ்சமா கட்டுறதால தவணை தவறல்னு ஆயிடாது, ஆனா மனசு இருக்குங்கறதுக்கு அத விட நல்ல சாட்சி கிடையாது.

ஒழுங்கா கட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை

நீங்க பல்லக் கடிச்சுட்டு, டூர் போகாம, பழைய வண்டியிலயே ஓட்டி இஎம்ஐ கட்டுறீங்க, பக்கத்து ஃப்ளாட்காரருக்கு சலுகைன்னு கேட்டா எரியத்தான் செய்யும், அது தப்பில்ல. ஆனா எரியுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது சில இருக்கு. சலுகை அறிவிக்கிறதுக்கு முந்தின தேதிய வச்சு ஆள எடுத்தாங்களா? எடுத்தவரு அதுக்கு என்ன விலை குடுக்குறாரு, கூடுதல் வட்டியா, சிபிலா, ஒண்ணுமே இல்லையா? குடியிருக்கிற வீட்டுக்கு மட்டுமா, இல்ல மூணாவது ஃப்ளாட்டுக்குமா? ஒரு வருஷம் வட்டி மட்டும் கட்டிட்டு அப்புறம் 930 ரூபா கூடுதலா கட்டுறவரு உங்க காசுல வாழல, அவரு காசுலதான் வாழ்றாரு. அதே வீடு ஏலத்துக்குப் போய் அடிமாட்டு விலைக்கு வித்தா உங்க ஃப்ளாட்டோட மதிப்பும் சேர்ந்து இறங்கும்ங்கறதையும் யோசிங்க. அசலையே வெட்டி விடுறதுதான் வேற விஷயம், அத நானும் சந்தேகமாத்தான் பாப்பேன்.

கோவத்துக்கு சரியான இடம் வேணும்னா இத எடுத்துக்கோங்க: 2023 ஜூன்ல ரிசர்வ் பேங்க் ஒரு சுற்றறிக்கை போட்டுச்சு, வேணும்னே கட்டாதவங்கன்னு முத்திரை குத்துனவங்க கூடவும் பேங்க் சமரச செட்டில்மென்ட் போட்டுக்கலாம்னு. பேங்க் ஊழியர் சங்கங்களே எதிர்த்தாங்க. 26,000 ரூபா இஎம்ஐகாரன்கிட்ட மட்டும் மாரல் ஹசார்ட் பாடம் எடுக்குறது எந்த ஊர் நியாயம்?

பேங்க் முடியாதுன்னா

எழுத்துல காரணம் கேளுங்க. முதல்ல பேங்கோட குறைதீர் பிரிவு, 30 நாள்ல பதில் இல்லன்னா இல்ல திருப்தி இல்லன்னா ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மன் (பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கிற அதிகாரி), 14448க்கு ஃபோன் பண்ணா வழி சொல்வாங்க. ஆனா சீரமைப்பு குடுத்தே ஆகணும்னு ஓம்பட்ஸ்மன் சொல்லமாட்டாரு, அது பேங்க் எடுக்கிற வியாபார முடிவு. தப்பா சார்ஜ் போட்டது, அபராதத்த வட்டியா ஏத்துனது, ரெக்கவரி ஆள் காலைல 8 மணிக்கு முன்னாடியோ சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமோ ஃபோன் பண்ணி மிரட்டுனது, இதுக்கெல்லாம் அங்க போகலாம்.

என்பிஏ ஆனப்புறம் சர்ஃபேசி சட்டம் (அடமானச் சொத்த கைப்பற்ற பேங்குக்கு அதிகாரம் குடுக்குற சட்டம்) பிரிவு 13(2)ல நோட்டீஸ் வரும், 60 நாள் டைம். அத வாங்காம திருப்பி அனுப்புறதால ஒரு லாபமும் இல்ல, வாங்கி எழுத்துல ஆட்சேபணை குடுங்க, 15 நாள்ல பேங்க் காரணத்தோட பதில் சொல்லியாகணும். அதுக்கப்புறம் 13(4)ல வீட்ட கைப்பற்ற வந்தா 45 நாளுக்குள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயம் போகலாம், சென்னை, மதுரை, கோவைல இருக்கு. வக்கீல் இல்லாம அங்க போகாதீங்க.

அந்த 60 நாள்ல இன்னொரு வேலையும் பாருங்க, மனசுக்குக் கஷ்டமா இருந்தாலும். நிலைமை மாற வாய்ப்பே இல்லன்னா வீட்ட நீங்களே விக்கப் பாருங்க. பேங்க்கிட்ட சொல்லிட்டு, வாங்குறவரு பணத்த நேரா லோன் கணக்குல போட்டு, மீதி உங்க கைக்கு வர்ற மாதிரி. ஏலத்துல வர்ற விலைய விட இதுல பெரும்பாலும் கூட வரும், சிபில்லயும் முழுசா கட்டி முடிச்சதா பதிவாகும். செட்டில்மென்ட்னு குறைச்சுக் கட்டுனா அது வேற மாதிரி பதிவாகி வருஷக்கணக்கா நிக்கும். முழுசா கட்டினதும் 30 நாளுக்குள்ள ஒரிஜினல் பத்திரத்த பேங்க் திருப்பிக் குடுக்கணும், அவங்க தப்பால லேட் ஆனா நாளுக்கு 5,000 ரூபா அவங்கதான் உங்களுக்குத் தரணும், அதுக்கும் இப்பவே ஒரு லெட்டர் எழுதி தேதி போட்டு வச்சுக்கோங்க.